கேமராவுக்கு ஒரு லைஃப் சர்டிஃபிகேட்

போன மாதம் காவ்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற கேமரா கம்பெனியில் இப்போது வாடிக்கையாளர் பிரிவைப் பார்த்துக்கொள்பவள். என் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவள் என்று சொல்லலாம், ஆனால் நாற்காலியை மாற்றிவிட்டார்களாம்.

“அங்கிள், நாம ஒரு ஆப் விடறோம். பழைய கஸ்டமருக்கெல்லாம் லாயல்டி பாயிண்ட். நீங்க இருந்தப்ப பழைய ஆளுங்களையும் புது ஆளுங்களையும் எப்படி பேலன்ஸ் பண்ணீங்கன்னு முந்நூறு வார்த்தையில எழுதிக் கொடுங்க, ப்ளீஸ். தமிழ்ல மட்டும் வேண்டாம். எனக்குப் படிக்க வராது.”

டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கிலீஷில் முந்நூறு வார்த்தை அனுப்பி வைத்தேன். பரஸ்பர நம்பிக்கை, நீண்ட கால உறவு என்றெல்லாம் அதில் நாலைந்து இடத்தில் வரும். நிஜமாக நடந்ததை இங்கே தமிழில் எழுதுகிறேன். அவள் கண்ணில் படாது என்ற தைரியம்தான்.

நான் வளர்ந்தது சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில். எங்கள் பிளாக்கில் எல்லா வீட்டு அப்பாக்களும் மத்திய சர்க்கார். பிள்ளைகளும் அதே சர்க்காரில் போய்ச் சேருவார்கள் என்பது எழுதப்படாத உத்தரவு. நான் மூன்று முறை பரீட்சை எழுதி மூன்று முறையும் தேறவில்லை. “பையன் என்ன பண்றான்?” என்று யாராவது கேட்டால் அப்பா, “பிரைவேட்ல இருக்கான்” என்பார். ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று சொல்லுகிற அதே குரலில்.

அந்த பிரைவேட், ஓக்லாவில் தகரக் கூரை போட்ட ஒரு கேமரா தொழிற்சாலை. முப்பது பேர் வேலை பார்த்தோம். ஸ்டோரில் இரண்டு வருஷம் திருகாணி பிரித்தேன், ஒரு வருஷம் லென்ஸ் துடைத்தேன். பிறகு வாசலை ஒட்டிய சர்வீஸ் ஜன்னலில் உட்கார வைத்தார்கள். எழுந்தது ஓய்வு பெற்ற அன்றுதான்.

நாங்கள் செய்தது ஃபிலிம் கேமரா. அதற்கு ‘நாலாம் நம்பர்’ என்று பெயர். ஒன்று, இரண்டு, மூன்று என்ன ஆயின என்று கேட்கக் கூடாது. நாலாம் நம்பர் மட்டும் இரும்புக் குண்டு போல இருக்கும். பஸ்ஸிலிருந்து விழுந்தாலும் படம் எடுக்கும். அது எங்கள் பெருமை, எங்கள் பிழைப்பைக் கெடுத்ததும் அதுதான். ஒரு முறை வாங்கியவர் வாழ்நாளில் இன்னொன்று வாங்க வேண்டியதே இல்லை. போதாததற்கு முதலாளி மெஹ்ரா சாஹிப் ஆரம்பத்திலேயே உத்தரவாத அட்டையில் ஒரு வரி அச்சடித்துவிட்டார்: வாங்கியவர் உயிரோடு இருக்கும்வரை பழுது பார்ப்பது இலவசம்.

மெஹ்ரா சாஹிப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யாரிடமும் எதற்கும் முடியாது என்று சொல்லாத மனிதர். யார் எதைக் கேட்டாலும், “தேக்தே ஹைன்”, பார்க்கலாம் என்பார். கேட்டவர் அதை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு போவார், அவரும் மறுக்கமாட்டார். வரும் கடிதங்களுக்கெல்லாம் மூன்று நாளில் பதில் போக வேண்டும். பதிலில் ‘வருந்துகிறோம்’ என்ற சொல் இருந்தால் தாளைத் திருப்பி அனுப்புவார். “வருத்தப்பட நாம என்ன செத்தா போயிட்டோம்?” என்பார் ஹிந்தியில்.

ஜன்னலில் கேமரா வாங்குவதற்கும் அவர் ஒரு முறை வைத்திருந்தார். சொந்தக்காரர் தானாகக் கீழே வைக்கும்வரை தொடக் கூடாது. வைத்ததும் பச்சைத் துணி விரித்து இரண்டு கையாலும் எடுத்து அதன்மேல் மாற்ற வேண்டும். “என்ன ரிப்பேர்?” என்று கேட்கக் கூடாது, “எப்படி இருக்கு?” என்றுதான் கேட்க வேண்டும். பிறகு வேகத்தை ஒரு விநாடியில் வைத்துக் காதோரம் பிடித்து ஷட்டரை அழுத்த வேண்டும். நல்ல ஸ்பிரிங் என்றால் ‘டக்’ என்று திறந்து, ஒரு மூச்சு விட்டு, ‘டக்’ என்று மூடும். இரண்டாவது டக் சோம்பேறித்தனமாக வந்தால் ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். இவ்வளவையும் முடித்த பிறகுதான் பேனாவைத் தொடலாம்.

டிஜிட்டல் வந்து எங்கள் ஊழியர்களைப் பாதியாக்கியது. செல்போன் வந்து மீதியில் பாதியைக் கொண்டு போனது. கூரை மட்டும் மிச்சம் என்று இருந்த வேளையில் காலேஜ் பிள்ளைகளுக்குத் திடீரென்று ஃபிலிம் மேல் ஆசை வந்தது. ஏன் வந்தது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மெஹ்ரா சாஹிப் ஆராய்ச்சி பண்ணவில்லை, “ஐந்தாம் நம்பர் போடறோம்” என்றார்.

புது மாடலைச் செய்து பழைய வாடிக்கையாளர்கள் பத்து பேரிடம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டோம். எங்கள் ஆயுளில் செய்த பெரிய தவறு அது. எடை குறைவு என்றார்கள், கூட்டினோம். பிடி வழுக்குகிறது என்றார்கள், பழைய தோலை ஒட்டினோம். நெம்புகோல் இடம் மாறிவிட்டது என்றார்கள், திரும்ப மாற்றினோம். ஒன்றரை வருஷம் திருத்தி முடித்துப் பார்த்தால் மேஜைமேல் நாலாம் நம்பர் உட்கார்ந்திருந்தது, அடியில் ஐந்து என்ற எண்ணோடு. அந்தப் பத்து பேருக்கும் ரொம்பத் திருப்தி. ஒருவர்கூட வாங்கவில்லை. “எங்கிட்டதான் இதே மாதிரி ஒண்ணு இருக்கே” என்றார்கள்.

வாங்கியது பிள்ளைகள்தான். பழசு மாதிரியே இருக்கிறது என்று அலைமோதினார்கள். உடனே பழையவர்களுக்குக் கோபம் வந்துவிட்டது. நேற்றுப் பிறந்ததுகள் கழுத்தில் எங்கள் கேமராவா என்று கடிதம் வந்தது.

இதற்கிடையில்தான் ஸ்பிரிங் சங்கடம். ஷட்டருக்குள் இருக்கும் அந்த ஸ்பிரிங்கைச் சுண்டுவிரல் நகத்தின் மேல் வைக்கலாம். வெளிநாட்டில் ஒரே ஒரு பட்டறை செய்து அனுப்பிக்கொண்டிருந்தது. அதை மூடிவிட்டார்கள். ஃபரீதாபாதில் செய்து பார்த்தோம், ஒரு வாரத்தில் ஒடிந்தது. மிச்சமிருந்ததை மெஹ்ரா சாஹிப் மொத்தமாக வாங்கி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு என் பொறுப்பில் விட்டார். புது ஷட்டர் தயாராகும்வரை அந்த டப்பாதான் எங்கள் எதிர்காலம். ஒரு ஸ்பிரிங் எடுத்தால் ஒரு பழையவரின் கேமரா பிழைக்கும், அல்லது ஒரு புதியவருக்குக் கேமரா பிறக்கும். இரண்டு பக்கத்துக்கும் சாஹிப் “தேக்தே ஹைன்” சொல்லியிருந்தார்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. சர்க்கார் பரீட்சையில் தேறாதவனுக்கும் சர்க்கார் புத்தி ரத்தத்தில் இருக்கும் போலிருக்கிறது. பென்ஷன்காரர்கள் நவம்பரில் பாங்குக்குப் போய் உயிரோடு இருக்கிறேன் என்று லைஃப் சர்டிஃபிகேட் கொடுப்பதை எங்கள் காலனியில் வருஷா வருஷம் பார்த்தவன் நான். உத்தரவாதம் உயிரோடு இருக்கும்வரைதானே? அப்படியானால் ஒவ்வொரு நவம்பரும் சொந்தக்காரர் கேமராவோடு ஜன்னலுக்கு வந்து, தான் இருப்பதைப் பதிவு செய்யட்டும். வராதவர்களின் ஸ்பிரிங்கைப் புதியவர்களுக்குத் திருப்பிவிடலாம். எத்தனை பேர் செத்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்த்துத்தான் இந்த யோசனையைச் சொன்னேன். இன்று எழுத வெட்கமாக இருக்கிறது. அன்று இல்லை.

“வாஹ் சாமி! பக்கா சர்காரி திமாக்!” அசல் சர்க்கார் மூளை என்று சாஹிப் என் முதுகில் தட்டினார். அவருக்கு நான் எப்போதும் சாமிதான்.

வயதானவர்கள், குளிர், ஓக்லா தூரம், யார் வரப்போகிறார்கள் என்று நினைத்தோம். நவம்பர் முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு வரிசை கேட்டைத் தாண்டி ரோடு வரை நின்றது. டெல்லி ரிட்டயர்டு மனிதரிடம் போய் உயிரோடு இருப்பதை நிரூபி என்று சொல்லக் கூடாது, கட்டாயம் நிரூபித்துவிடுவார். லக்ஷ்மிபாய் நகரிலிருந்து ஆட்டோவில் நாலு நாலு பேராக வந்து இறங்கினார்கள். ஒருவர் கெஜட்டட் ஆபீசர் கையெழுத்துப் போட்ட நகலோடு வந்தார். பத்து வருஷமாக அலமாரியில் தூங்கிய கேமராக்களெல்லாம் வந்தன. காதோரம் வைத்து அழுத்தினால் பாதிக்கு மேல் ஸ்பிரிங் தளர்ந்திருந்தது. ஸ்பிரிங் மிச்சப்படுத்த நான் கொண்டுவந்த திட்டம் ஒரே மாதத்தில் டப்பாவைப் பாதியாக்கியது.

அன்று வரிசையில் முதல் ஆள் சண்முகசுந்தரம். அமைச்சகம் ஒன்றில் சூப்பரிண்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர், மோதி பாகில் மகனின் குவார்ட்டர்ஸில் குடியிருந்தார். திருநெல்வேலிக்காரர். எங்கள் கம்பெனியின் மிக விசுவாசமான வாடிக்கையாளர், அதாவது மிகப் பெரிய தலைவலி. அவர் கடிதத்தில் பத்திகளுக்கு எண் இருக்கும். ‘பார்வை: என் முந்தைய கடிதம்’ என்று தொடங்கும். கடைசி ஐந்தாறு வருஷமாகக் கையெழுத்து மட்டும் மாறியிருந்தது, எண்கள் மாறவில்லை. அந்த நவம்பரில் கறுப்புக் கண்ணாடி போட்டு மனைவியின் கையைப் பிடித்து வந்தார். காடராக்ட் போலிருக்கிறது என்று நினைத்தேன். ரசீது கேட்டு, அதில் வட்ட முத்திரை கேட்டு, வாங்கிக்கொண்டுதான் நகர்ந்தார்.

அடுத்த நவம்பருக்குள் நிலைமை முற்றிவிட்டது. டப்பாவில் அறுபது ஸ்பிரிங். அறுபது ஐந்தாம் நம்பருக்கு ஆர்டர். அவற்றை அனுப்பினால்தான் புது ஷட்டர் செய்ய வழி பிறக்கும், இல்லாவிட்டால் மிச்சமிருக்கிற பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சாஹிப் என்னைக் கூப்பிட்டார்.

“சாமி, ஃபாரம் வாங்கிக்கோ. டீ கொடு. ஸ்பிரிங் மட்டும் கொடுக்காதே.”

“என்ன சொல்றது சாஹிப்?”

“விசாராதீன்.”

பரிசீலனையில் இருக்கிறது என்பதற்கு டெல்லி ஆபீஸ்களில் வழங்கும் சொல் அது. நானே போய் அதற்கு ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கி வந்தேன்.

அந்த வருஷம் சண்முகசுந்தரம் வரவில்லை. மனைவி செல்லம்மாள் மட்டும் பஸ் பிடித்து வந்தார். புடவை முந்தானைக்குள்ளிருந்து கேமராவை எடுத்து வைத்தார்.

“தம்பி, எங்க வீட்ல அவுகளுக்கு எந்திரிக்க முடியல. அதான் நான் கொண்டாந்தேன். ஷட்டரு அமுங்க மாட்டேங்கு. பன்னெண்டு நாளாச்சு.”

துணி விரித்து எடுத்துக் காதோரம் பிடித்தேன். ஒன்றுமே வரவில்லை. ஸ்பிரிங் ஒடிந்திருந்தது.

“அம்மா, ஓனர் நேர்ல வரணும். வர முடியாதவங்களுக்கு நாங்க வீட்டுக்கு வந்து பாக்கணும். அதான் ரூல்” என்றேன். அந்த ரூலையும் பாங்கைப் பார்த்து நான்தான் எழுதியிருந்தேன்.

“அப்ப வாங்க. அவுகளுக்கும் ரூல்னாத்தான் பிடிக்கும்.”

சனிக்கிழமை போனேன். பால்கனியை ஒட்டிய அறையில் கட்டிலில் சாய்ந்திருந்தார். கண்ணாடி இல்லை. கண்கள் என்னைத் தாண்டி எங்கோ நின்றன. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கண்ணில் பிரஷர் ஏறி ஆறு வருஷத்துக்கு முன்பே பார்வை முழுதும் போய்விட்டதாம்.

“கம்பெனியில இருந்தா? உக்காருங்க. அடையாள அட்டை உண்டா?”

“இருக்கு சார்.”

“செல்லம், வாங்கிப் பாரு. போட்டோவுல இருக்கது இவுகதானா?”

அந்த அம்மா அட்டையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்து, “இவுகதான். முடி மட்டும் குறைஞ்சிருக்கு” என்றார்.

“நான் உசிரோட இருக்கேன்னு எதை வச்சு எழுதுவீக?”

“நீங்கதான் பேசறீங்களே சார்.”

“பேசுனா பத்தாது. ‘நேரில் கண்டேன்’னு எழுதணும். அதான் முறை.”

எழுதினேன். பார்வை இல்லாதவருக்கு எதற்குக் கேமரா என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்காமலே செல்லம்மாள் ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். நீள வாக்கில் கோடு போட்டுப் பத்திகள் பிரித்த ஆபீஸ் ரிஜிஸ்டர். தினமும் காலையில் அவர் பால்கனியில் நின்று வெயிலைப் புறங்கையில் வாங்கி, வெளிச்சம் இவ்வளவு என்று சொல்லுவாராம். விரலால் தடவி வேகத்தை வைப்பார். எதிரே என்ன இருக்கிறது என்று அந்த அம்மா சொல்ல வேண்டும். அழுத்துவார். அந்த அம்மா எழுதிக்கொள்வார். தேதி, நேரம், வேகம், பொருள். ‘வேப்ப மரம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மூன்று பேர்.’ ‘காய்கறி வண்டி. முட்டைக்கோஸ் நிறைய.’ கேமராவுக்குள் ஃபிலிம் கிடையாது. ஆறு வருஷம் அப்படி நடந்திருக்கிறது. ஷட்டர் நின்ற நாளிலிருந்து மட்டும் கட்டங்கள் காலியாக இருந்தன.

“பால்கனிக்கே வர மாட்டேங்காக. ரெண்டு வாய்க்கு மேல சாப்பிடவும் மாட்டேங்காக” என்றார் அந்த அம்மா, மெதுவாக.

பையில் ரப்பர் ஸ்டாம்ப் இருந்தது. என்ன சொல்லிக் குத்துவது என்று தெரியாமல், “ஸ்பிரிங் விஷயம் சார்... அது இப்போ...” என்று இழுத்தேன்.

“விசாராதீனா?” என்றார். “தெரியும் தம்பி. முப்பத்தாறு வருஷம் அதே முத்திரையை நான் குத்தியிருக்கேன். குத்துறவனுக்குச் சங்கடமாத்தான் இருக்கும். பரவாயில்ல, குத்துங்க.”

குத்தினேன். வெளியே வந்து பஸ் ஸ்டாப்பில் நின்றபோது எனக்கு என்மேல் அப்படி ஒரு அருவருப்பு வந்தது. இவர் எப்போது சாவார் என்று கணக்குப் போட்டவன் நான்தானே.

அறுபதில் கை வைக்க மனம் வரவில்லை. அதனால் திங்கட்கிழமை சாஹிப் மத்தியானம் சாப்பிடப் போன நேரத்தில் அவர் அறைக்குப் போனேன். அங்கே கண்ணாடி அலமாரியில் முதன்முதலாகச் செய்த நாலாம் நம்பர்கள் எட்டு காட்சிக்கு இருந்தன. அவற்றில் ஒன்றின் வயிற்றைத் திறந்து ஸ்பிரிங்கை எடுத்தால் யாருக்குத் தெரியப்போகிறது? ஒன்றைத் திறந்தேன். உள்ளே ஸ்பிரிங் இல்லை. இரண்டாவதிலும் இல்லை. எட்டையும் திறந்து பார்த்துவிட்டேன். எட்டும் வெறும் கூடு. “தேக்தே ஹைன்” என்று எட்டு பேரிடம் சொன்ன மனிதர், எனக்கு முன்னாலேயே வந்து பார்த்து எடுத்துக் கொடுத்திருக்கிறார்.

வேறு வழி இல்லாமல் டப்பாவைத் திறந்தேன். சாயங்காலமே மோதி பாக் போய்க் கட்டிலோரம் உட்கார்ந்து மாட்டிக் கொடுத்தேன். சண்முகசுந்தரம் காதோரம் வைத்து அழுத்தினார். திறந்தது, மூச்சு விட்டது, மூடியது. நன்றி சொல்லவில்லை. “கோப்பு சீக்கிரம் நகர்ந்துட்டே” என்றார். நான்காம் நாள் கடிதம் வந்தது, மூன்று பத்தி. ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாக இருக்கிறதாம்.

ஐம்பத்தொன்பது கேமராதான் போயிற்று என்று தெரிந்ததும் சாஹிப் ஜன்னலுக்கே வந்தார்.

“சாமி, முதல்ல என் ஷோகேஸ்ல பாத்தியா?”

“பாத்தேன் சாஹிப்.”

“அச்சா” என்றார். “அந்தக் கடைசிப் பொண்ணுக்கு எழுது. தரப் பரிசோதனையில இருக்குன்னு.”

அந்தக் கடைசிப் பெண் ரியா, தெற்கு டெல்லியில் ஏதோ டிசைன் வேலை பார்ப்பவள். ஏற்கனவே எட்டு மாதம் காத்திருந்தவள். வாரம் தவறாமல் போன் செய்வாள். “அண்ணா, நாங்க புதுசா வந்ததுதான் தப்பா?” என்று ஒரு நாள் கேட்டாள். நியாயமான கேள்வி. பதில் இருந்தது, சொல்ல முடியாது. தரப் பரிசோதனை என்றேன்.

அதற்கடுத்த நவம்பர், நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பு, புது ஷட்டர் இன்னும் தயாராகாத வேளையில், செல்லம்மாள் வந்தார். கையில் ஃபாரம் இல்லை.

“ஆடியில போயிட்டாக” என்றார். துணியைப் பிரித்துக் கேமராவை வைத்தார். “உசிரோட இருக்க வரைக்கும்தான ரூலு. ஸ்பிரிங்க எடுத்துக்கோங்க. அவுகளே சொல்லிட்டுத்தான் போனாக, கம்பெனிக்குத் திருப்பிக் கொடுத்துரணும்னு.”

எத்தனையோ பேர் செத்திருந்தார்கள். ஒரு குடும்பம்கூட எதையும் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. எந்த நாளுக்காக அந்த விதியை எழுதினேனோ அந்த நாள் ஜன்னலுக்கு எதிரே நின்றது.

“வேண்டாம்மா. வச்சுக்கோங்க. யாரும் கேக்க மாட்டாங்க.”

“இல்ல தம்பி, எனக்காகவும்தான் சொல்லுதேன்.” அந்த அம்மா ஜன்னல் கட்டையைப் பிடித்துக்கொண்டார். “பேரன் எடுத்து எடுத்து அமுக்குதான். சத்தம் கேட்டதும் என்னைய அறியாம நோட்டத் தேடுதேன். என்ன எழுதணும்னு கேட்டுட்டுத் திரும்புனா ஆளில்ல. என்னால தாங்க முடியல. இப்பமே எடுத்துருங்க. நான் பாத்துட்டுப் போறேன்.”

பச்சைத் துணியின் மேல் வைத்துத் திறந்தேன். ஸ்பிரிங்கை எடுத்தேன். அந்த அம்மா கேமராவை வாங்கி ஒரு முறை அழுத்திப் பார்த்தார். சத்தம் இல்லை.

“இனி இது எங்கிட்ட இருக்கலாம்” என்று சொல்லி முந்தானைக்குள் வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போனார்.

ஸ்பிரிங்கைக் கழுவி எண்ணெய் தொட்டு, நின்றுபோன அந்த அறுபதாவது கேமராவில் நானே மாட்டினேன். காதோரம் வைத்துக் கேட்டேன். சுத்தமான இரண்டு டக். அன்றே ரியாவுக்கு அனுப்பி வைத்தோம். பத்து நாள் கழித்து அவள் இணையத்தில் எழுதியிருந்ததைச் சாஹிப் அச்செடுத்து என் மேஜையில் வைத்தார். கேமரா ரொம்ப அழகு, காத்திருந்தது வீண் போகவில்லை, ஆனால் ஷட்டர் சத்தம்தான் கொஞ்சம் அதிகம், சத்தமே இல்லாமல் செய்ய ஏதாவது வழி உண்டா என்று கேட்டிருந்தாள். மூன்று நாளில் பதில் போக வேண்டும். தாளை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று நாளும் உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு வந்த புகார்களில் நான் பதில் எழுதாமல் விட்டது அது ஒன்றுதான்.